முகவரியில் 'கியோங்கி-தோ' என்று இருக்கிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்கொரியாவுக்கு வேலைக்கோ படிப்புக்கோ கிளம்புகிறவர்கள் சியோலை மனதில் வைத்துக்கொண்டுதான் பெட்டி கட்டுகிறார்கள். கையில் வரும் கடிதத்திலோ பெரும்பாலும் 'கியோங்கி-தோ' என்று தொடங்கும் முகவரி இருக்கும். சாம்சங் எலெக்ட்ரானிக்ஸ் தலைமையகம், சில்லு தயாரிக்கும் எஸ்கே ஹைனிக்ஸ், ஹூண்டாயின் நாம்யாங் ஆராய்ச்சி மையம் எல்லாம் இந்த மாகாணத்தில்தான். இலங்கையிலிருந்து தொழிலாளர் அனுமதித் திட்டத்தில் போகிறவர்களும் இங்குள்ள சிறு ஆலைகளில் நிறையச் சேர்கிறார்கள். ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருவதால், கேட்டவர்கள் கேட்டபடியே எழுதிப் பதிலையும் சேர்த்திருக்கிறேன்.

கியோங்கின்னா எது? சியோலுக்கே இன்னொரு பேரா?

இல்லை. சியோல் தனி, கியோங்கி தனி. நாட்டின் வடமேற்கு மூலையில் சியோலைச் சுற்றி வளைத்துக்கொண்டு கிடக்கும் மாகாணம் இது. மேற்கே இன்சியோன் மாநகரும் மஞ்சள் கடலும், கிழக்கே காங்வோன், தெற்கே வட, தென் சுங்ச்சியோங் மாகாணங்கள், வடக்கே வடகொரியா. சியோலிலிருந்து இன்சியோன் பக்கம் தவிர எந்தத் திசையில் வெளியே போனாலும் கியோங்கியில்தான் கால் வைக்க வேண்டும்.

1946 வரை சியோலும் இதற்குள்தான் இருந்தது. பிறகு தனியாகப் பிரித்துவிட்டார்கள். 1981இல் இன்சியோனும் பிரிந்தது. 1995இல் காங்ஹ்வா தீவு, ஓங்ஜின் தீவுகள், கிம்போவின் கோம்தான் பகுதி ஆகியவையும் இன்சியோனுக்குப் போய்ச் சேர்ந்தன. இத்தனை வெட்டியும் பரப்பு இன்னும் சுமார் 10,200 சதுர கிலோமீட்டர் இருக்கிறது. சியோல் வெறும் 605தான்.

மக்கள்தொகையில நாட்டிலேயே முதலிடம்னு சொல்றாங்களே, எப்படி?

உண்மைதான். சுமார் 1.37 கோடிப் பேர். தென்கொரியாவின் மொத்த மக்கள் ஐந்து கோடிக்குக் கொஞ்சம் மேல் என்பதால், நான்கு பேரில் ஒருவருக்கும் மேல் இங்கே இருக்கிறார்கள். சியோலில் ஒரு கோடிக்கும் குறைவு.

காரணம் சியோல் வீட்டு விலை. 1971இல் சியோலைச் சுற்றிப் பசுமை வளையம் போட்டுக் கட்டடங்களைத் தடுத்தார்கள். நெரிசல் நிற்கவில்லை; வளையத்தைத் தாண்டிக் குதித்தது. 1989இல் புந்தாங், இல்சான், ப்யோங்ச்சோன், சான்போன், ஜுங்தோங் என்று ஐந்து புதுநகரங்களை அறிவித்தார்கள். ஐந்தும் கியோங்கியில். அடுத்த தலைமுறையில் பாங்யோ, தோங்தான், குவாங்யோ, உன்ஜோங். அதற்கடுத்து வாங்சுக், கியோசான், சாங்னுங். இந்தப் பெயர்களை நினைவில் வையுங்கள். கொரியர்கள் வீட்டு விலாசம் சொல்லும்போது நகரத்தின் பெயரை விட்டுவிட்டு இவற்றைத்தான் சொல்வார்கள். 'புந்தாங்கில் இருக்கிறேன்' என்பவர் நிர்வாகக் கணக்கில் சியோங்னாம் நகரவாசி.

தலைநகரம் எது? சியோலா சுவோனா?

சுவோன். மாகாண அலுவலகம் சியோலில்தான் இருந்தது; 1967இல் சுவோனுக்கு மாறியது. 2022இல் அதே சுவோனுக்குள் குவாங்யோ பகுதியில் புதுக் கட்டடத்துக்குப் போனார்கள். வடபகுதி மக்களுக்காக உய்ஜோங்புவில் ஒரு வடக்கு அலுவலகம் உண்டு. நடுவில் சியோல் உட்கார்ந்திருப்பதால் வடக்கிலிருந்து சுவோன் வருவது பெரும்பாடு, அதனால்தான் இந்த ஏற்பாடு.

அண்ணா, சி, குன், கு, உப், ம்யோன், தோங்... தலை சுத்துது. முகவரியை எப்படிப் படிக்கிறது?

பெரியதிலிருந்து சிறியதுக்கு வாருங்கள். நம் ஊர்த் தபால் முகவரிக்கு நேர் தலைகீழ். 'தோ' மாகாணம். அதற்குக் கீழே 'சி' நகரம், அல்லது 'குன்'. குன் என்பது நாட்டுப்புறப் பகுதி. ஒரு சிறு பட்டணமும் அதைச் சுற்றிய ஊர்களும். பெரிய நகரமாக இருந்தால் அதற்குள் 'கு' என்ற உட்பிரிவு வரும். அதற்கும் கீழே நகர்ப்பகுதி என்றால் 'தோங்', பட்டணம் என்றால் 'உப்', கிராமப்பகுதி என்றால் 'ம்யோன்'. உப், ம்யோனுக்குள் வரும் ஊர்கள் 'ரி'.

ஒரு நிஜ முகவரியைப் பார்ப்போம். எஸ்கே ஹைனிக்ஸின் தலைமையகம்: கியோங்கி-தோ, இச்சியோன்-சி, புபால்-உப், க்யோங்ச்சுங்-தேரோ 2091. மாகாணம், நகரம், பட்டணம், சாலை, கட்டட எண். 'தேரோ' அகலமான பெருஞ்சாலை, 'ரோ' நடுத்தரச் சாலை, 'கில்' தெரு. 2014 முதல் இந்தச் சாலைப்பெயர் முறைதான் முழுமையாக நடப்பில் இருக்கிறது. அதற்கு முன் மனை எண்ணை வைத்து எழுதினார்கள். பழைய ஆட்கள் இன்னும் அப்படித்தான் சொல்வார்கள்.

அந்த எண்ணிலும் ஒரு கணக்கு இருக்கிறது. சாலை தொடங்கும் இடத்திலிருந்து 20 மீட்டருக்கு ஒரு சோடி எண்: இடப்பக்கம் ஒற்றைப்படை, வலப்பக்கம் இரட்டைப்படை. ஆக எண்ணைப் பத்தால் பெருக்கினால் தூரம் ஏறக்குறையக் கிடைத்துவிடும். 2091 என்றால் சாலை தொடங்கி 21 கிலோமீட்டர் வாக்கில், இடப்பக்கம். இரவு நேரத்தில் பேருந்தை விட்டு இறங்கி இடம் தேடும்போது எந்தச் செயலியையும்விட இது கைகொடுக்கும்.

மொத்தம் எத்தனை நகரம்? பட்டியல் வேணும்.

28 சி, 3 குன், ஆக 31. குன் மூன்றும் ஓரத்தில் இருப்பவை: யோன்சியோன், காப்யோங், யாங்ப்யோங்.

நகரங்களைத் திசைவாரியாகச் சொல்கிறேன். சியோலுக்கு வடக்கிலும் வடகிழக்கிலும் கோயாங், பாஜு, யாங்ஜு, உய்ஜோங்பு, தோங்துச்சியோன், போச்சியோன், நாம்யாங்ஜு, குரி. மேற்கிலும் தென்மேற்கிலும் கிம்போ, புச்சியோன், குவாங்ம்யோங், சிஹுங், ஆன்சான். நேர் தெற்கே குவாச்சியோன், ஆன்யாங், குன்போ, உய்வாங், சுவோன், ஹ்வாசியோங், ஓசான், ப்யோங்தேக், ஆன்சியோங். தென்கிழக்கே சியோங்னாம், ஹானாம், குவாங்ஜு, யோங்இன், இச்சியோன், யோஜு.

28 நகரம்னா, வயல்வெளியே கிடையாதா?

நிறைய உண்டு. 'சி' என்றதும் முழுக்க அடுக்குமாடிகள் என்று நினைத்துவிடக் கூடாது. 1995க்குப் பிறகு நகரத்தையும் சுற்றியிருந்த நாட்டுப்புறத்தையும் ஒரே 'சி'யாகச் சேர்க்கும் முறை வந்தது. குன்னாக இருந்த பல இடங்கள் மக்கள் கூடியதும் அப்படியே சி ஆயின. ஹ்வாசியோங்கும் குவாங்ஜுவும் 2001இல், யாங்ஜுவும் போச்சியோனும் 2003இல், கடைசியாக யோஜு 2013இல். யோஜு, இச்சியோன் அரிசிக்குக் கொரியக் கடைகளில் தனி மதிப்பு.

ஆகவே 'ஹ்வாசியோங்-சியில் வேலை' என்ற தகவல் மட்டும் எதற்கும் பயன்படாது. அதன் கிழக்குக் கோடியில் தோங்தான்: வானுயர அடுக்குமாடிகள், சுரங்க ரயில். மேற்குக் கோடியில் ஜெபுதோ தீவு: கடல் உள்வாங்கும்போது மட்டும் வெளியே தெரியும் சாலை. இடையில் தொழிற்பேட்டைகளும் நெல் வயல்களும். இரண்டும் ஒரே நகராட்சி. பரப்பில் இந்த ஒரு நகரமே சியோலைவிடப் பெரிது. சி-க்கு அடுத்து என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்த பிறகுதான் வீடு தேடத் தொடங்க வேண்டும்.

மலைப்பாங்கான இடமா, சமவெளியா?

கிழக்கும் வடக்கும் மலை, மேற்கும் தெற்கும் தாழ்வு. உயரமான சிகரம் காப்யோங்கின் காங்வோன் எல்லையில் இருக்கும் ஹ்வாஆக்சான், 1,468 மீட்டர். யாங்ப்யோங்கில் யோங்முன்சான் 1,157 மீட்டர். தென்மேற்கே ப்யோங்தேக் பக்கம் போனால் கண்ணுக்கு எட்டிய தூரம் தட்டை நிலம்.

மாகாணத்தின் உயிர்நாடி ஹான் ஆறு. காங்வோனிலிருந்து வரும் வடஹானும் தெற்கே சுற்றி வரும் தென்ஹானும் யாங்ப்யோங்கின் யாங்சு-ரியில் கூடுகின்றன. அந்த முனைக்குத் துமுல்மோரி என்று பெயர், வார இறுதியில் சியோல்காரர்கள் படமெடுக்கக் குவியும் இடம். சற்றுக் கீழே 1973இல் முடிந்த பால்தாங் அணை. தலைநகர் வட்டாரத்தின் குடிநீர் பெரும்பாலும் இங்கிருந்துதான். பிறகு ஆறு சியோலை ஊடறுத்துக்கொண்டு மேற்கே போகிறது. வடக்கிலிருந்து வரும் இம்ஜின் ஆறு பாஜு அருகே அதில் விழுகிறது. இம்ஜினில் கலக்கும் ஹாந்தான் ஆறு எரிமலைக் குழம்பு உறைந்த பாறைகளை அறுத்துக்கொண்டு ஓடுவது. போச்சியோன், யோன்சியோன் வழியே இதன் கருங்கற்சுவர்களைப் பார்க்கலாம். 2020இல் யுனெஸ்கோ புவிப்பூங்கா ஆனது.

பால்தாங் தண்ணீரைக் காப்பாற்றவே கிழக்குப் பக்கம் ஆலை கட்டக் கடும் கட்டுப்பாடு. 1982இன் தலைநகர் வட்டாரச் சீரமைப்புச் சட்டம் காப்யோங், யாங்ப்யோங் போன்ற இடங்களை இயற்கைப் பாதுகாப்பு மண்டலமாக வைத்திருக்கிறது. யாங்ப்யோங் பரப்பில் சியோலைவிடப் பெரியது, மக்கள் சுமார் ஒன்றேகால் லட்சம்தான். சென்ற கேள்வியில் சொன்ன ஹ்வாசியோங்கும் சியோலைவிடப் பெரியதுதான், ஆனால் அங்கே பத்து லட்சம் பேர். மலையும் சட்டமும் சேர்ந்து செய்த வேலை.

மேற்குக் கரையில் கடல் ஏற்ற இறக்கம் மிக அதிகம். ஆன்சானில் உள்ள சிஹ்வா ஓதமின் நிலையம் 254 மெகாவாட் திறனோடு 2011 முதல் ஓடுகிறது.

சில நகரத்துல கு இருக்கு, சிலதுல இல்லை. நாம்யாங்ஜுவுல ஏழு லட்சம் பேர் இருந்தும் ஏன் இல்லை?

ஐந்து லட்சத்துக்கு மேல் மக்கள் இருந்தால் நகரம் கு பிரித்துக்கொள்ளலாம். கட்டாயமில்லை, மத்திய அரசின் ஒப்புதலும் வேண்டும். சுவோனில் நான்கு, சியோங்னாம், கோயாங், யோங்இன்னில் மும்மூன்று, ஆன்யாங், ஆன்சானில் இரண்டிரண்டு. ஹ்வாசியோங்குக்கு நான்கு கு அமைக்க 2025இல்தான் ஒப்புதல் கிடைத்தது. நாம்யாங்ஜு கு இல்லாமலே ஓட்டுகிறது.

வேடிக்கை புச்சியோனில் நடந்தது. மூன்று கு இருந்த நகரம், செலவைக் குறைக்க 2016இல் மூன்றையும் கலைத்தது. 2024 ஜனவரியில் அதே வோன்மி, சோசா, ஓஜோங்கை அப்படியே திரும்பக் கொண்டுவந்தது. இடைப்பட்ட காலத்து ஆவணங்களில் கு இல்லாமல் இருந்தால் பயப்பட வேண்டாம், இடம் அதேதான்.

இன்னொன்று: சியோலின் 25 கு-வுக்கும் மக்கள் வாக்களித்துத் தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். கியோங்கியின் கு-வுக்கு மேயர் நியமிக்கும் அதிகாரிதான் தலைவர். பெயர் ஒன்று, அதிகாரம் வேறு.

சுவோன் 'சிறப்பு நகரம்' ஆயிடுச்சாமே. அப்போ கியோங்கியை விட்டுப் போயிடுச்சா?

போகவில்லை. பத்து லட்சம் மக்களைத் தாண்டிய நகரங்களுக்கு 2022 ஜனவரியில் 'துங்னே-சி' என்ற தகுதி கொடுத்தார்கள். கியோங்கியில் சுவோன், யோங்இன், கோயாங். வெளியே தெற்கில் சாங்வோன். 2025இல் ஹ்வாசியோங் சேர்ந்தது. சில அதிகாரங்கள் கூடும், அவ்வளவுதான். முகவரியில் பழையபடி 'கியோங்கி-தோ சுவோன்-சி' என்றே எழுத வேண்டும்.

மாகாணத்தை விட்டு உண்மையிலேயே வெளியேறியது இன்சியோன். அது 'குவாங்யோக்-சி', மாகாணத்துக்குச் சமமான மாநகரம். புசான், தேகு போன்றவையும் அந்த வகை.

ஹ்வாசியோங் கோட்டை பார்க்கணும்னு ஹ்வாசியோங் போனேன், கோட்டையே இல்லை!

கோட்டை சுவோன் நகரத்தின் நடுவில் இருக்கிறது. இந்தக் குழப்பத்துக்குக் காரணம் ஒரு ராஜா. சோசோன் வம்சத்து ஜோங்ஜோ, தன் தந்தையின் கல்லறையை அன்றைய சுவோன் ஊர் இருந்த இடத்துக்கு மாற்றினார். ஊரை அங்கிருந்து கிளப்பி, 1789இல் இன்றைய சுவோன் இருக்கும் பால்தால் மலையடிக்குக் கொண்டுபோனார். புது ஊரைச் சுற்றி 1794 முதல் 1796 வரை கட்டியதுதான் ஹ்வாசியோங் கோட்டை. 1997இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

1949இல் சுவோன் பட்டணத்தைத் தனி நகரமாக்கியபோது, மீதி நாட்டுப்புறத்துக்குப் பெயர் தேவைப்பட்டது. கோட்டையின் பெயரை எடுத்து வைத்துவிட்டார்கள். விளைவு: பழைய சுவோன் ஊர் இருந்த இடமும் ராஜாவின் கல்லறையும் இன்று ஹ்வாசியோங் நகரத்தில், ஹ்வாசியோங் கோட்டை சுவோன் நகரத்தில். உங்கள் மேல் தப்பே இல்லை.

குவாங்ஜுவுக்கு டிக்கெட் போட்டேன், ரெண்டு மணி நேரம் ரயில்னு காட்டுது. பக்கத்துலதானே இருக்கு?

நீங்கள் போட்டது தென்மேற்கே தூரத்தில் இருக்கும் குவாங்ஜு மாநகரத்துக்கு. கியோங்கியின் குவாங்ஜு சியோலுக்குத் தென்கிழக்கே அருகிலேயே இருக்கிறது. சுரங்க ரயில் நிலையத்துக்கே 'கியோங்கி குவாங்ஜு' என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள்.

இதே வகையில் இன்சியோன், இச்சியோன். ஒன்று மேற்கே விமான நிலையம் உள்ள மாநகரம், மற்றது கிழக்கே ஹைனிக்ஸ் இருக்கும் நகரம். ஒரு 'ன்' தவறினால் நாடு இறங்கிய அன்றே எதிர்த்திசையில் போய் நிற்பீர்கள்.

கிம்போ விமான நிலையம் கிம்போவுல, நாமி தீவு காப்யோங்குலதானே?

இரண்டும் தவறு. கிம்போ விமான நிலையம் இருக்கும் நிலம் 1963இல் சியோலோடு சேர்ந்தது. இன்று அது சியோலின் காங்ஸோ-கு. பெயர் மட்டும் மிச்சம். நாமி தீவுக்குப் படகு ஏறுவது காப்யோங்கில், ஆனால் தீவு காங்வோன் மாகாணத்தின் சுன்சியோன் நகரத்தைச் சேர்ந்தது. எதிர்ப்பக்கமாக ஒன்று: சியோல் பெரும்பூங்கா என்ற மிருகக்காட்சிசாலை சியோல் மாநகரத்துக்குச் சொந்தம், இருப்பது கியோங்கியின் குவாச்சியோனில்.

தொலைபேசிக் குறியீடும் எல்லைக்கு அடங்காது. கியோங்கிக்கு 031. ஆனால் குவாச்சியோன், குவாங்ம்யோங்கில் சியோலின் 02. புச்சியோனில் இன்சியோனின் 032.

வீரே-யில வீடு பார்த்திருக்கேன். புரோக்கர் ஒரு நாள் சியோல்ங்கிறார், ஒரு நாள் கியோங்கிங்கிறார். ஏமாத்துறாரா?

அவசியமில்லை. வீரே ஒரே புதுநகரம், ஆனால் மூன்று நிர்வாகங்களின் நிலத்தில் கட்டியது: சியோலின் சோங்பா-கு, கியோங்கியின் சியோங்னாம், ஹானாம். சாலையின் இந்தப் பக்கம் ஒரு நகரம், அந்தப் பக்கம் வேறு.

குடியேறியதும் முதலில் தெரிவது குப்பையில். 1995 முதல் கொரியாவில் குப்பை போட உள்ளாட்சி விற்கும் பையைத்தான் வாங்க வேண்டும். பையில் அந்தந்த நகரத்தின் அல்லது கு-வின் பெயர் அச்சிட்டிருக்கும். எதிர்ப் பக்கத்துக் கடையில் வாங்கிய பையை உங்கள் வாசலில் வைத்தால் எடுக்காமல் போய்விடலாம். பள்ளி வட்டாரமும் இதே கோட்டில் பிரிகிறது. பிள்ளை இருந்தால் ஒப்பந்தத்துக்கு முன் கட்டடம் எந்த நிர்வாகத்தில் இருக்கிறது என்று முகவரியில் பாருங்கள். புரோக்கர் வாயால் சொல்வது போதாது.

சியோல்ல வேலை, கியோங்கியில வீடு. சரிப்பட்டு வருமா?

லட்சக்கணக்கானவர்கள் அப்படித்தான் வாழ்கிறார்கள். தூரத்தைப் பார்க்காதீர்கள், ரயில் தடத்தைப் பாருங்கள். ஜிடிஎக்ஸ்-ஏ அதிவேக ரயில் 2024 மார்ச்சில் தோங்தானிலிருந்து சியோலின் சுசோவுக்கு ஓடத் தொடங்கியது, 20 நிமிடம் வாக்கில் போய்விடலாம். அதே ஆண்டு டிசம்பரில் பாஜுவின் உன்ஜோங்கிலிருந்து சியோல் நிலையம் வரையான பகுதி திறந்தது. ஒன்றாம் தட சுரங்க ரயில் 2023 டிசம்பரிலிருந்து யோன்சியோன் வரைகூடப் போகிறது. போச்சியோனுக்கு இன்னும் ரயில் கிடையாது. அங்கே வேலை என்றால் ஆலைக்குப் பக்கத்திலேயே தங்கிவிடுவது நல்லது.

நம்மூர் மசாலா வேண்டுமென்றால் ஆன்சானின் தான்வோன்-கு, வோன்கோக்-தோங். பல நாட்டுத் தொழிலாளர்கள் குடியிருக்கும் இடம்; 2009இல் பல்பண்பாட்டுச் சிறப்புப் பகுதியாக அறிவித்தார்கள்.

வடகொரியா எல்லை இந்த மாகாணத்துலதானா? கேசோங்கும் கியோங்கின்னு ஒருத்தர் சொன்னார்.

சொன்னவர் வரலாறு தெரிந்தவர். 1945இல் 38ஆம் அட்சக்கோடு மாகாணத்தை வெட்டியபோது கேசோங் தெற்கில் இருந்தது, யோன்சியோன் வடக்கில் இருந்தது. போர் முடிந்து 1953இல் கோடு மாறியது: கேசோங் வடக்குக்குப் போனது, யோன்சியோன் தெற்குக்கு வந்தது. தென்கொரிய அரசின் கணக்கில் கேசோங்கும் பக்கத்து கேபுங், ஜாங்தானின் பகுதிகளும் இன்றும் கியோங்கியின் 'மீட்கப்படாத' நிலங்கள். நடைமுறையில் முதல் கேள்வியில் சொன்ன எல்லைதான்.

ராணுவமற்ற பகுதியின் மேற்குக் கோடி பாஜுவில். அதற்குள்ளேயே தேசோங்-தோங் என்ற ஊரில் மக்கள் குடியிருக்கிறார்கள். அவர்களுக்கு ராணுவச் சேவையும் இல்லை, வரியும் இல்லை. இரவு ஊரடங்கு உண்டு.

வடக்கு கியோங்கியைத் தனி மாகாணமாப் பிரிக்கப் போறாங்களாமே?

பல ஆண்டுகளாக ஓடும் பேச்சு. ஹான் ஆற்றுக்கு வடக்கே உள்ள கோயாங், நாம்யாங்ஜு, பாஜு, உய்ஜோங்பு, யாங்ஜு, குரி, போச்சியோன், தோங்துச்சியோன், காப்யோங், யோன்சியோன் ஆகிய பத்தையும் பிரித்தால் சுமார் 36 லட்சம் பேர் வருவார்கள். புசானைவிட அதிகம். எல்லைக் காவல், பசுமை வளையம், தண்ணீர்ப் பாதுகாப்பு என்று எல்லாக் கட்டுப்பாடும் தங்கள் தலையில், ஆலைகளும் வரி வருமானமும் தெற்கில் என்பது வடக்கின் நெடுநாள் குறை. என் பார்வையில் அந்தக் குறை நியாயமானது. ஆனால் தெற்கின் பணத்தை விட்டுப் பிரிந்தால் அது தீருமா என்பதற்கு ஆதரவாளர்கள் தெளிவாகப் பதில் சொல்லவில்லை.

2023இல் ஆளுநர் கிம் தோங்-யோன் பொதுவாக்கெடுப்புக் கேட்டார். 2024 மேயில் பொதுமக்கள் போட்டியில் 'ப்யோங்ஹ்வானுரி' என்ற பெயரைத் தேர்ந்தெடுத்து அறிவித்ததும், பெயர் பிடிக்காமலே எதிர்ப்பு மனுவில் பல்லாயிரக்கணக்கானோர் கையெழுத்துப் போட்டார்கள். 2023 இறுதியில் கிம்போவைச் சியோலோடு சேர்க்கலாம் என்று மக்கள் சக்திக் கட்சி கிளப்பிய யோசனையும் நிறைவேறவில்லை. கிம்போ ஆற்றுக்குத் தெற்கே இருப்பதால் அந்தப் பத்தில் சேரவில்லை; வடக்கைத் தனியாகப் பிரித்தால் தங்கள் நிலை என்ன ஆகும் என்ற கேள்வியிலிருந்துதான் அந்தப் பேச்சே தொடங்கியது.